உள்ளும் புறமும் அறியும் கணிப்பொறி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியச் சொற்பொழிவும் இன்னிசையும் நாடகமும் நடைபெறுவது நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு விஞ்ஞானப் பொருள் ஒன்றைப் பற்றியும் ஒருவர் பேசவேண்டும் என்று நிர்வாகக் குழுவினர் விரும்பி, அப்பணியை என்னிடம் ஒப்படைத்தனர். நான் மெட்ரிகுலேஷன் அளவில் படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் சரக்குப் பிரிவில் எழுத்தராகப் பணியாற்றுபவன். விஞ்ஞானி அல்லன். ஆயினும் பெரிய யந்திரங்களை வாகன்களில் ஏற்றி அனுப்பும் காகிதங்களை நாள்தோறும் பார்த்து வருபவன். ஆதலால், ‘இப்பொருள் இவ்விடத்தில் அடங்குமா? இவ்வழியே இடிபடாமல் செல்லுமா?’ என்னும் கேள்விகள் எனக்குப் பழக்கமானவை. இக்கேள்விகளுக்குக் கணிப்பொறி எவ்வாறு விடை காண்கிறது, அதற்காக நம் மும்பை நகரில் நடைபெற்ற ஆராய்ச்சிகள் யாவை, அவற்றால் நம் குடும்பத்துப் பிள்ளைகள் அறியவேண்டுவது யாது என்பவற்றையே இன்று சுருங்கக் கூற விழைகிறேன்.

ஓர் இரும்புத் துண்டை இன்ன வடிவில் கடைந்து தரவேண்டும் என்று பட்டறைக்குத் தெரிவிக்க நெடுங்காலமாகக் கையாளப்பட்ட வழி காகிதப் படமேயாகும். மேலிருந்து நோக்கினால் எவ்வாறு தோன்றும், முன்னிருந்து நோக்கினால் எவ்வாறு தோன்றும், பக்கத்திலிருந்து நோக்கினால் எவ்வாறு தோன்றும் என்று மூன்று படங்களை வரைவார்கள். அம்மூன்றையும் பார்த்து, முழுப் பொருளைத் தம் மனத்திலே கட்டி எழுப்புபவர் பிட்டர். குர்லாவிலும் சாக்கி நாக்காவிலும் பட்டறைகளில் உழைத்த நம்மவர் பலர் இவ்வாற்றலால் பெயர் பெற்றவர்கள். படத்தில் ஒரு கோடு விடுபட்டிருந்தாலும், ‘இங்கே ஒரு துளை இருந்தாக வேண்டுமே!’ என்று கண்டு சொல்லிவிடுவார்கள். ஆகவே, படம் பாதி அறிவைத் தந்தது. மீதி அறிவை மனிதர் தந்தார்.

கணிப்பொறிக்கு அத்தகைய மனம் இல்லை. 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து என்னும் ஆராய்ச்சியாளர் ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற அமைப்பை உருவாக்கினார். ஒளிப்பேனாவினால் திரையிலே கோடு வரைந்தால் கணிப்பொறி அதனை நினைவில் வைத்துக்கொண்டது. இரு கோடுகள் இணையாக இருக்கவேண்டும் என்று பணித்தால் அவ்வாறே திருத்தியும் தந்தது. அரிய சாதனைதான்! ஆயினும் கோடுகளைச் சேர்த்து வைப்பது வேறு. அக்கோடுகளுக்குள்ளே அடங்கிய பொருளை அறிவது வேறு.

இவ்வேறுபாட்டை நம் ஊர் ஆகாச கந்தீலைக் கொண்டு விளக்கலாம். தீபாவளி நாள்களில் வீட்டுக்கு வீடு தொங்கும் இக்கந்தீலை மூங்கில் குச்சிகளால் கட்டிக் காகிதம் ஒட்டுவதைப் பார்த்திருக்கிறோம். குச்சிகளால் ஒரு பெரிய கனசதுரக் கூடு கட்டுங்கள். அதன் நடுவே ஒரு சிறிய கனசதுரக் கூட்டை வையுங்கள். பெரிய கூட்டின் 8 மூலைகளையும் சிறிய கூட்டின் 8 மூலைகளோடு 8 குச்சிகளால் இணையுங்கள். மொத்தம் 32 குச்சிகள் ஆயின. ‘நடுவே ஒரு துளை ஓடும் மரக்கட்டையின் சட்டகம் இது’ என்று நான் சொன்னால், அத்துளை எத்திசையில் ஓடுகிறது? மேலிருந்து கீழாகவா? கிழக்கிலிருந்து மேற்காகவா? வடக்கிலிருந்து தெற்காகவா? மூன்று விதமாகவும் காகிதம் ஒட்டலாம்! சட்டகம் ஒன்றே, பொருள்களோ மூன்று. கோடுகளை மட்டும் அறிந்த கணிப்பொறி இவற்றுள் எதனைச் செய்யவேண்டும் என்று அறியமாட்டாது திகைத்து நிற்கும்.

இக்குறையை நீக்கப் பிறந்த துறையே ‘திண்ம உருவமைப்பு’. வெளியில் உள்ள எந்தப் புள்ளியைக் காட்டினாலும், ‘இது பொருளுக்கு உள்ளே இருக்கிறது’ என்றோ, ‘வெளியே இருக்கிறது’ என்றோ, ‘மேற்பரப்பில் இருக்கிறது’ என்றோ ஐயமின்றி விடையளிக்கும் வகையில் ஒரு வடிவத்தைக் கணிப்பொறிக்கு உணர்த்துவதே இதன் நோக்கம். அவ்விடையைக் கணக்கிட்டுக் காணும் வழிகளை ஆராயும் துறை ‘கணிப்பு வடிவியல்’ எனப்படும். நம் தந்தையர் பள்ளியில் ‘க்ஷேத்திர கணிதம்’ என்று கற்றதன் கொள்ளுப்பேரன் இது என்று கருதுங்கள்.

1970-களில் இதற்கு இரண்டு வழிகள் வகுக்கப்பட்டன. அமெரிக்காவில் ராச்செஸ்டர் பல்கலைக் கழகத்தில் ஹெர்பர்ட் வோல்கர், அரிஸ்டைடஸ் ரெக்கிச்சா முதலியோர் வகுத்தது கூட்டல் கழித்தல் வழி. தண்டவாளங்களை இணைக்கும் பிஷ் பிளேட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு நீண்ட இரும்புக் கட்டி. அதிலிருந்து போல்ட் நுழையும் 4 உருளைகளைக் கழித்துவிட்டால் ஏறத்தாழ அதன் வடிவம் கிடைத்துவிடும். இவ்வாறு எளிய திண்மங்களைச் சேர்த்தும் நீக்கியும் அரிய வடிவங்களை அமைக்கலாம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் ஐயன் பிரெய்டு என்பவர் வளர்த்தது எல்லை வழி. பொருளை மூடியிருக்கும் முகங்கள், விளிம்புகள், முனைகள் ஆகியவற்றையும், எம்முகத்தை அடுத்து எம்முகம் உள்ளது என்ற உறவையும் பதிந்து வைப்பது இவ்வழி. இன்று தொழிற்சாலைகளில் வழங்கும் மென்பொருள்களில் இவ்விரு வழிகளும் கலந்தே காணப்படுகின்றன.

எல்லை வழியில் எழுதிய பதிவு பிழையற்றது என்று சோதிப்பது எங்ஙனம்? இங்கே 18-ஆம் நூற்றாண்டுக் கணித மேதை லெயோன்ஹார்டு ஆய்லர் நமக்குக் கை கொடுக்கிறார். ஒரு தீப்பெட்டியை எண்ணிப் பாருங்கள். முனைகள் 8, விளிம்புகள் 12, முகங்கள் 6. முனைகளிலிருந்து விளிம்புகளைக் கழித்து முகங்களைக் கூட்டினால் 2 வருகிறது. துளையில்லாத எந்தக் கட்டியை, எத்தனை முகங்களோடு செதுக்கினாலும் இவ்விடை மாறாது. இனி, துளை ஓடும் நம் கந்தீலை எண்ணுங்கள். முனைகள் 16, குச்சிகள் 32, காகிதம் ஒட்டிய முகங்கள் 16, விடை 0. ஊடுருவிச் செல்லும் ஒவ்வொரு துளைக்கும் விடை 2 குறையும் என்பது விதி. தனித்த ஒரு பொருளுக்கு விடை 1 என்று வந்துவிட்டால், எங்கோ ஒரு முகம் விடுபட்டுப் பொருள் திறந்து கிடக்கிறது என்று ஐயுற வேண்டும். கணக்குப் புத்தகம் எழுதும் எங்களுக்கு இம்முறை புதிதன்று. இரு பக்கமும் சரியாக நேர்ந்த பேரேட்டில் பிழை இருக்கவும் கூடும். ஆனால் நேராத பேரேட்டில் பிழை இருந்தே தீரும்!

அடுத்து, உள்ளா புறமா என்ற கேள்வி. நம் காலனியைச் சுற்றிலும் கோணல்மாணலாக ஒரு மதிற்சுவர் ஓடுவதாகக் கொள்வோம். ஓர் இடம் மதிலுக்கு உள்ளே இருக்கிறதா என்று அறிய, அங்கிருந்து நெடுந்தொலைவுக்கு ஒரு நேர்கோடு இழுத்து, அது மதிலை எத்தனை முறை வெட்டுகிறது என்று எண்ணினால் போதும். ஒற்றைப்படை வந்தால் உள்ளே. இரட்டைப்படை வந்தால் வெளியே. ஒவ்வொரு முறை வெட்டும்போதும் உள் புறமாகவும் புறம் உள்ளாகவும் மாறுகின்றன அன்றோ? திண்மப் பொருளுக்கும் இதுவே முறை; மதிலுக்குப் பதிலாக முகங்கள், அவ்வளவே. குழந்தையும் செய்யக்கூடிய கணக்கு!

ஆனால் அக்கோடு மதிலின் மூலையைச் சரியாகத் தொட்டுக்கொண்டு போனால்? அதனை ஒரு வெட்டு என்பதா, இரண்டு என்பதா? இங்கேதான் ஆராய்ச்சியாளரின் தலைவலி தொடங்குகிறது. கணிப்பொறி ஓர் எண்ணைச் சில இலக்கங்கள் வரையில்தான் நினைவில் வைக்கும். மூன்றில் ஒரு பங்கை 0.3333 என்று எழுதி எங்கேனும் நிறுத்தித்தானே ஆகவேண்டும்? சரக்குக் கட்டணத்தில் சில காசுகளை விட்டுவிட்டு முழு ரூபாயாக்கினால் யாருக்கும் நட்டமில்லை. வடிவியலிலோ, கடைசி இலக்கத்தில் நேரும் சிறு பிழையும் உள்ளிருக்கும் புள்ளியை வெளியே தள்ளிவிடக் கூடும். அதை நம்பி அடுத்த கணக்கும், அதற்கு அடுத்த கணக்கும் நடந்தால், முடிவில் இவ்வுலகில் இருக்கவே முடியாத ஒரு பொருள் திரையிலே நிற்கும்.

இத்தொல்லைக்கு மருந்து தேடியவர்களுள் நம் நகரத்தவரும் உண்டு என்பதைப் பெருமையுடன் கூறுகிறேன். கொலாபாவிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் 1960-ஆம் ஆண்டில் ஒரு கணிப்பொறி இயங்கத் தொடங்கியது. இந்தியரே வடிவமைத்த அப்பொறிக்கு 1962-இல் பிரதமர் நேரு ‘டிஃப்ராக்’ என்று பெயரிட்டார். அதனை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஆர். நரசிம்மன், சென்னையில் பிறந்து கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்ற தமிழர். அக்கழகத்தின் நிழலில் மென்பொருள் ஆராய்ச்சிக்கென ஒரு தேசிய மையம் தழைத்தது. அது 1985-இல் எஸ். ரமணியின் தலைமையில் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமாகி, ஜூஹூவில் பணியாற்றிப் பின்னர் சி-டாக் நிறுவனத்தோடு இணைந்தது.

இம்மரபில் வந்த எஸ். பி. முதூர், பி. ஏ. கோபர்க்கர் ஆகிய இருவரும் 1984-ஆம் ஆண்டில் வடிவங்களை ‘இடைவெளிக் கணக்கு’ முறையால் கையாள்வது பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். அதன் உட்கருத்தை ரயில்வே மொழியிலே சொல்கிறேன். ‘வண்டி 10 மணிக்கு வரும்’ என்று ஒரே எண்ணைச் சொல்வது ஒரு வகை. ‘9.50-க்கு முன்னும் வராது, 10.10-க்குப் பின்னும் வராது’ என்று இரண்டு எல்லைகளை உறுதியாகச் சொல்வது மற்றொரு வகை. ஒரே பிளாட்பாரத்துக்கு வரவேண்டிய இரு வண்டிகளின் எல்லைகள் ஒன்றையொன்று தொடவில்லை எனில், அவை மோதா என்று கவலையின்றிக் கூறலாம். தொடுமாயின், அந்நேரத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து நுணுகிப் பார்க்க வேண்டும். இரு வளைந்த பரப்புகள் ஒன்றையொன்று வெட்டுமா என்ற கேள்விக்கும் இவ்வாறே எல்லைகளை வகுத்துப் பிரித்துப் பிரித்து விடை காணலாம். தெரிந்ததைத் தெரிந்த அளவிலேயே சொல்லும் நேர்மையை எண்களுக்கும் கற்பித்த முறை இது என்பேன்.

இதுவரை அசையாப் பொருளைப் பற்றிப் பேசினோம். பொருள் நகருமானால் என்ன ஆகும்? பெரம்பூரில் 1955-இல் தொடங்கப்பட்ட இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையின் பெட்டிகளில் நாமெல்லாரும் ஊருக்குப் போய் வந்திருக்கிறோம். அவ்வகைப் பழைய பெட்டி ஒன்றின் கீழுள்ள இரு போகிகளின் மையங்களுக்கு இடையே 14.783 மீட்டர் தூரம். 175 மீட்டர் ஆரமுள்ள வளைவில் அது திரும்பும்போது, போகிகள் தண்டவாளத்தின் வளைவைப் பின்பற்றும். பெட்டியின் உடலோ வளையாது. ஆகவே, பெட்டியின் நடுப்பகுதி வளைவின் உட்புறமாக விலகி நிற்கும். எவ்வளவு? 14.783-ஐ அதனாலேயே பெருக்கி, ஆரத்தின் 8 மடங்கால் வகுத்தால், 0.156 மீட்டர், ஏறத்தாழ 6 அங்குலம். பெட்டியின் இரு முனைகளும் வெளிப்புறமாக நீளும். பிளாட்பாரத்தின் ஓரம், சிக்னல் கம்பம், பாலத்தின் தூண் ஆகிய யாவும் இவ்விலக்கத்தைக் கருதியே அமைக்கப்படுகின்றன. அளவு மீறிய சரக்கை வாகனில் ஏற்றும்போது எங்கள் அலுவலகத்தில் எழும் கேள்வியும் இதுவே. நிற்கும்போது அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பது மட்டும் போதாது. போகும் வழியெல்லாம் எவ்வளவு இடத்தைத் துழாவிச் செல்கிறது என்பதும் தெரியவேண்டும்.

இக்கேள்வியின் மிகக் கடினமான வடிவத்தை எடுத்து ஆராய்ந்தவர்கள் நமக்கு அண்மையில் உள்ள பவாயில், 1958-இல் நிறுவப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தவர்கள். பரத் அட்சுல், ஜினேஷ் மச்சர், மிலிந்த் சோஹனி ஆகியோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு திண்மம் வானிலே எவ்வழியில் நகர்ந்தும் திரும்பியும் சென்றாலும், அது துழாவிய இடம் முழுவதையும் மூடும் எல்லைப் பரப்பைக் கணக்கிடுவது எவ்வாறு என்று விளக்குகிறது. இதில் என்ன கடினம் என்று கேட்பீர்கள். அகலமான தூரிகையால் சுவரில் ஒரு கூர்மையான வளைவை வரைந்து பாருங்கள். தூரிகையின் உள் ஓரம், முன்பே வண்ணம் பூசிய இடத்தின் மேலேயே திரும்பி வரும். அவ்விடத்தில் அவ்வோரம் வரைந்த கோடு உண்மையான எல்லை அன்று. வெட்டி நீக்கவேண்டிய பொய் எல்லை. எங்கே பொய் எல்லை தோன்றும், அது எவ்வகையைச் சேர்ந்தது என்று முன்னரே பிரித்தறியும் ஒரு கணிதச் சார்பை இவர்கள் வகுத்துள்ளனர். கடைசல் யந்திரத்தின் உளி, இரும்பில் எவ்வளவு இடத்தை அரித்துச் செல்லும் என்று அறியவும் இத்தகைய கணக்கே துணை செய்யும்.

ஆராய்ச்சி ஏட்டோடு நின்றுவிடவில்லை. குர்லாவிலிருந்து தாணா மார்க்கத்தில் வித்யாவிஹாரையும் காட்கோபரையும் கடந்தால் விக்ரோளி. அங்கே கோத்ரெஜ் நிறுவனத்தின் ஒரு பிரிவாக 1984-இல் தோன்றி, 1994-இல் தனி நிறுவனமாகி, 2017-இல் எச்.சி.எல். நிறுவனத்தோடு இணைந்த ‘ஜியோமெட்ரிக்’ நிறுவனம் இத்துறையிலேயே உழைத்தது. அதன் பெயரே வடிவியல் அன்றோ! திண்ம உருவத்தைப் பார்த்து, ‘இது துளை, இது பள்ளம்’ என்று கண்டுகொள்ளும் மென்பொருளும், ‘இவ்வடிவத்தை உண்மையில் செய்ய முடியுமா’ என்று உற்பத்திக்கு முன்பே சோதிக்கும் மென்பொருளும் அங்கிருந்து வெளிவந்தன.

பெரியோர்களே! இவற்றையெல்லாம் விழா மேடையில் நான் எடுத்துரைக்கக் காரணம் ஒன்று உண்டு. முன்பு படத்துக்கும் யந்திரத்துக்கும் நடுவே ஒரு பிட்டர் நின்றார்; பிழையைக் கண்டு தடுத்தார். இன்று திரையில் அமைத்த உருவம் நேராகக் கணிப்பொறியால் இயங்கும் கடைசல் யந்திரத்துக்குச் செல்கிறது. நடுவே நின்றவர் விலகிக்கொண்டிருக்கிறார். படப் பலகையும் டிரேசிங் துணியும் மறைந்தன. அவற்றை நம்பியிருந்த வேலைகளும் மறைந்தன. அவ்விடத்தை நிரப்ப நம் பிள்ளைகள் கணிப்பொறி வரைபட வகுப்புகளுக்குச் செல்கிறார்கள். தாய்மார்கள் சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டணம் செலுத்துகிறீர்கள். சில மாதங்களில் பையன் எந்தப் பொத்தானை அழுத்தினால் எது நடக்கும் என்று கற்று வருகிறான். மறு பதிப்பில் பொத்தான் இடம் மாறுகிறது. கற்ற கல்வியும் அதனோடு இடம் மாறிவிடுகிறது!

ஆய்லரின் விதி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் மாறவில்லை. ஒற்றைப்படை வந்தால் உள்ளே என்பது எந்தப் பதிப்பிலும் மாறாது. திரையிலே தோன்றும் உருவம் உண்மையில் இருக்கக்கூடியதா என்று ஐயுறத் தெரிந்தவரே இனி அந்தப் பிட்டரின் இடத்தில் நிற்கத் தக்கவர். ஆகையால் கட்டணம் செலுத்துமுன், ‘பொத்தான்களோடு வடிவியலும் கற்பிப்பீர்களா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெண் பிள்ளைகளையும் சேர்த்தே இதைச் சொல்கிறேன். புள்ளி பிசகாமல் கோலம் இடும் கைகளுக்கு இத்துறை அந்நியமன்று.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஞாயிறு காலையில் இம்மண்டபம் காலியாகவே இருக்கிறது. அட்டையும் பசையும் கத்தரிக்கோலும் இருந்தால் போதும். நம் சிறுவர் சிறுமியர் கனசதுரமும் பட்டகமும் கூம்பகமும் செய்து, முனைகளையும் விளிம்புகளையும் எண்ணிப் பழகட்டும். கல்லூரியில் பொறியியல் பயிலும் நம் இளைஞர்கள் வாரம் ஒரு மணி நேரம் தமிழிலேயே அவர்களுக்குக் கற்பிக்கட்டும். பொருளைத் தாய்மொழியில் உணர்ந்த பிள்ளை, பிறகு அதனை எம்மொழியில் கேட்டாலும் மருளாது.

இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் விக்டோரியா டெர்மினஸிலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்த இடம் நம் குர்லா. புதியது எதுவாயினும் இவ்வூருக்கு முன்னதாகவே வந்துவிடுகிறது. அதனை ஓட்டுபவர்களாக மட்டுமின்றி, அதன் உள்ளும் புறமும் அறிந்தவர்களாகவும் நம் மக்கள் விளங்கவேண்டும் என்று விழைகிறேன்.